நாள் வாடகை வீடும் தொல்லை தரும் விருந்தினரும்

இராமேசுவரம் சாலையை ஒட்டிய ஊர்களில் கடை நடத்தும் நம்மவர்கள் பலர், கடை மாடியிலோ வீட்டுக்குப் பின்புறமோ உள்ள அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு ஓரிரு நாள் வாடகைக்கு விட்டு வருகிறார்கள். புதுமடம், உச்சிப்புளி, மண்டபம் என்று எங்கும் இது உண்டு. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைக் கூட்டம், கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள், கோடை விடுமுறைக் குடும்பங்கள், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு வருவோர் என ஆண்டின் பல மாதங்களில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகு வேன்களும் பேருந்துகளும் பெருகின. 2017இல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை சாலை திறந்ததும் சுற்றுலாவுக்கென்றே வருவோர் கூடினார்கள்.

கடை வியாபாரம் மந்தமாக இருக்கும்போது இந்த வருமானம் கைகொடுக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அரிசி மூட்டை விற்பது போன்றதல்ல இது. மூட்டை கடையை விட்டுப் போனால் கணக்கு முடிந்தது. வாடகை விருந்தினரோ பணம் கொடுத்த பிறகுதான் நம் வீட்டுக்குள் நுழைகிறார். அவர் நல்லவராக இருந்தால் உறவு வளர்கிறது. தொல்லை தருபவராக இருந்தால் வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி இல்லை, பக்கத்து வீட்டாருக்குத் தூக்கம் இல்லை, நமக்குக் கடையில் மனம் நிற்பதில்லை.

சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் சேது யாத்திரை வழியில் சத்திரங்கள் கட்டி, வந்தவர்க்கு உணவும் இடமும் கொடுத்தார்கள். அது தருமம். நாம் செய்வது வணிகம். பணம் வாங்கியதும் விருந்தினருக்கு உரிமை வருகிறது, நமக்குக் கடமை வருகிறது. இதை மறந்து விருந்தோம்பல் என்ற எண்ணத்தில் எதையும் பேசாமல் சாவியைக் கொடுப்பதும், பிறகு சொந்த வீடு என்ற எண்ணத்தில் கோபப்படுவதும்தான் பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம்.

நாங்கள் பட்ட பாடு

இதை எங்கள் அனுபவத்தில் இருந்தே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தை அமாவாசைக்கு முதல் நாள். தொலைபேசியில் பேசியவர் 6 பேர் என்றார். 2 அறைகள் ஒதுக்கினோம். இரவு 11 மணிக்கு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் 14 பேர். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்ததால் அந்நேரத்தில் போகச் சொல்ல மனம் வரவில்லை. கூடுதல் வாடகை பற்றியும் வாய் திறக்கவில்லை. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டோம். தவறு அங்கேயே நடந்து முடிந்துவிட்டது.

விடிவதற்குள் மாடித் தொட்டி காலி. தீர்த்தமாடிவிட்டு வந்த ஈர உடைகள் மெத்தை மேல் கிடந்தன. புறப்படும்போது கூடுதல் பணம் கேட்டோம். "ஆறு பேருக்கு என்ன சொன்னீர்களோ அதுதான் தருவோம், பாய். ராத்திரி ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை கோபத்தில் வெளிக்கதவைப் பூட்டி, பணம் வைத்தால்தான் திறப்பேன் என்றான். உள்ளே ஒரு மூதாட்டிக்கு மயக்கம் வந்தது. அவர்கள் காவல்துறையை அழைத்தார்கள்.

வந்த காவலர் இரண்டு கேள்விதான் கேட்டார். "14 பேருக்கு இவ்வளவு என்று முன்பே சொன்னீர்களா?" "கதவை ஏன் பூட்டினீர்கள்?" இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பி வைத்தோம். போன பணத்தை விட, தெருவே நின்று பார்த்ததுதான் பெரிய நட்டம்.

அந்த இரவில் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும். "ஐயா, நீங்கள் சொன்னது 6 பேர். 14 பேருக்கு இங்கே இடமும் தண்ணீரும் போதாது. பெரியவர்களும் குழந்தையும் இங்கே தங்கட்டும். மற்றவர்களுக்குப் பக்கத்தில் வேறு அறை பார்த்துத் தருகிறோம். வாடகை இவ்வளவு ஆகும். சம்மதமா?" என்று கேட்டிருக்கலாம். தராசில் பொருளை வைக்கும் முன் விலை பேசும் நாம், இதில் மட்டும் பேசாமல் விட்டோம்.

சாவி கொடுக்கும் முன்

தொல்லையில் பெரும்பகுதியை முன்கூட்டியே தடுத்துவிடலாம். ஒரே ஒரு தாளில் விதிகளை எழுதி, தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சுவரில் ஒட்டி வையுங்கள். வடநாட்டு யாத்ரீகர் அதிகம் வரும் பகுதி இது. மொழி புரியாததால் வந்த சண்டைகள் பல. அந்தத் தாளில் இருக்க வேண்டியவை:

1. எத்தனை பேருக்கு எவ்வளவு வாடகை. கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு.
2. எத்தனை மணிக்கு வரலாம், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், தாமதமானால் எவ்வளவு.
3. சமையல் செய்யலாமா, எங்கே செய்யலாம்.
4. ஈர உடை எங்கே காயப்போட வேண்டும். தண்ணீர் எந்த நேரத்தில் வரும்.
5. மது, புகை பற்றிய வீட்டு வழக்கம். பள்ளிவாசல் தெருவிலோ கோயில் தெருவிலோ வீடு இருந்தால் இதை வாயாலும் சொல்லிவிட வேண்டும்.
6. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. இது நம் விருப்பம் மட்டுமல்ல. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலியைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதி 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.
7. பொருள் சேதமானால் காப்புத் தொகையில் எவ்வளவு பிடிக்கப்படும்.

தாளின் நகலில் விருந்தினரிடம் கையெழுத்து வாங்குங்கள். முன்பணத்துக்கும் காப்புத் தொகைக்கும் தனித்தனி ரசீது கொடுங்கள். அறையைத் திறந்து கட்டில், விசிறி, குழாய், கண்ணாடி ஆகியவற்றை அவரோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள். முன்பே உடைந்திருந்ததா, இவர் உடைத்ததா என்ற வாதம் பிறகு எழாது.

பதிவேடு கண்டிப்பாக வேண்டும்

நம் கடற்கரை எல்லைக் கடற்கரை. அக்கரை இலங்கை. கடத்தல் வழக்குகளில் கடற்கரையோர வீடுகள் விசாரணைக்கு வருவது நாம் அறியாததல்ல. தங்கியவர் யார் என்று தெரியாது என்று சொல்லும் வீட்டுக்காரர் மீதுதான் முதல் சந்தேகம் விழும். ஆகவே பெயர், ஊர், அடையாள அட்டை விவரம், வண்டி எண், வந்த நேரம், போன நேரம் அனைத்தையும் கட்டிய பதிவேட்டில் எழுதுங்கள். கொடுத்த தொலைபேசி எண்ணுக்கு அங்கேயே ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் இணையவழி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பு சி படிவம் என்று நாம் அறிந்தது இதுதான். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. ஒரு இரவுதானே என்று விட்டுவிடக் கூடாது.

நள்ளிரவில் மூட்டைகளை அறைக்குள் கொண்டுவந்து வைக்கும் விருந்தினர், மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் படகு பேசித் தரச் சொல்லும் விருந்தினர் ஆகியோரிடம் எச்சரிக்கை தேவை. அந்த 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை. வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. கடல் அட்டை 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அறையில் அது பிடிபட்டால் வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டி வரும். சந்தேகம் வந்தால் நாமே சோதனை போடக் கூடாது. காவல்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

தொல்லை எழும்போது

முதலாவதாக, குற்றம் சாட்டும் பேச்சு வேண்டாம். "ஏன் இப்படிக் கூச்சல் போடுகிறீர்கள்?" என்றால் எதிர்ப்பு வரும். "அண்ணே, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது. பத்து மணிக்கு மேல் சத்தம் வேண்டாம் என்று பேசியிருந்தோம்" என்றால் பெரும்பாலோர் அடங்கிவிடுவார்கள்.

இரண்டாவதாக, தனியாகப் போகாதீர்கள். பொறுமையுள்ள ஒருவரைச் சாட்சியாக அழைத்துச் செல்லுங்கள். ஆள் கூட்டிப் போவதும் தவறு. அது மிரட்டலாகத் தெரியும். குடித்திருப்பவரிடம் இரவில் கணக்குப் பேச வேண்டாம். அடிதடி என்றால் 112, உடல்நலக் குறைவு என்றால் 108.

மூன்றாவதாக, நம் பக்கம் குறை இருந்தால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லை, தண்ணீர் வரவில்லை என்று கத்துபவர் எல்லோரும் தொல்லைக்காரர் அல்லர். கெட்டுப்போன பொருளை மாற்றிக் கொடுப்பது போல அதைச் சரிசெய்து கொடுப்பது நம் கடமை.

நான்காவதாக, இணையவழி வந்த விருந்தினர், வாடகையைக் குறைக்காவிட்டால் மோசமாக எழுதுவேன் என்று மிரட்டுவது உண்டு. அதற்குப் பணிய வேண்டாம். நடந்ததை நான்கு வரியில் மரியாதையாகப் பதிலாக எழுதினால் அடுத்து வருபவர் புரிந்துகொள்வார்.

செய்யவே கூடாதவை

ஒருவரை அறையிலோ வீட்டிலோ வைத்துப் பூட்டுவது சட்டவிரோத அடைப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அன்று வழக்குப் பதியாமல் விட்டது அவர்கள் பெருந்தன்மை.

பாக்கிக்காகப் பெட்டி படுக்கையைப் பிடித்து வைப்பதும் கூடாது. மொத்தப் பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு பட்டியல் தருகிறது. வங்கியாளர், வழக்கறிஞர் போன்ற சிலரைச் சொல்லும் அந்தப் பட்டியலில் அறை வாடகைக்கு விடுபவர் இல்லை. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவது, அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொள்வது ஆகியவையும் வேண்டாம். கண்காணிப்புக் கேமரா வாசலில் இருக்கலாம். அறைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

காலி செய்ய மறுத்தால்

சில நாள் தங்குபவர் பொதுவாக வாடகைதாரர் அல்லர். அனுமதி பெற்றுத் தங்குபவர். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, அனுமதியை நாம் திரும்பப் பெற்றால், அவர் பொருள்களை எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் தர வேண்டும். எழுத்தில் நேரம் குறித்துக் கொடுங்கள். தங்காத நாளுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பதிவேட்டையும் கையெழுத்திட்ட தாளையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் செல்லுங்கள்.

மூன்று நாள் என்று வந்தவரை மாதக்கணக்கில் நீட்டிக்க விடாதீர்கள். தாளில் அனுமதி என்று எழுதியிருந்தாலும், இடத்தைத் தனி அனுபவத்தில் விட்டிருந்தால் அது குத்தகையாகலாம். டெல்லியில் ஓட்டல் ஒன்றில் முடிதிருத்தும் கடை நடத்தியவர் தொடர்பான வழக்கில் 1959இலேயே உச்சநீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. நீண்ட நாள் தங்குபவர் என்றால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் செய்து பதிவு செய்துவிடுங்கள்.

கணக்கில் ஒரு கவனம்

ரசீது கொடுக்கச் சொன்னோம். அதோடு ஒன்றையும் நினைவில் வையுங்கள். சரக்கு மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம் ரூபாய். அறை வாடகை சேவையாகக் கருதப்படுவதால், அதுவும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சமாகிறது. கடை விற்பனையும் அறை வாடகையும் ஒன்றாகவே கூட்டப்படும். அறை விடத் தொடங்கும் முன் உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணம் வராமல் போன விருந்தினரைப் பற்றி இறுதியாக ஒன்று. கடையில் வாராக் கடன் என்று எழுதித் தள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. ஒரு நாள் வாடகைக்காகத் தெருச்சண்டை போட்டால் கடையின் பெயரும் சேர்ந்து கெடும். பெயரைப் பதிவேட்டில் குறித்து வைத்து, அடுத்த முறை இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

அந்தத் தை அமாவாசைக்குப் பிறகு எங்கள் வீட்டில் விதித்தாள் இல்லாமல் சாவி கைமாறுவதில்லை. தொல்லை தருபவர்கள் இன்னும் வரத்தான் செய்கிறார்கள். ஆனால் காவலர் கேட்ட அந்த இரண்டு கேள்விகளுக்கும் இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது. அடுத்த அமாவாசைக் கூட்டம் வருவதற்குள் ஒவ்வொரு வணிகரும் அந்த ஒரு தாளை எழுதி முடித்துவிட வேண்டுகிறோம்.