கையிருப்புக் கருவிக்கு விளக்கக் குறிப்பு

கேள்வி: பங்குக் கையிருப்பைச் செயற்கை நுண்ணறிவு முகவருக்கு எடுத்துக் கொடுக்கும் மென்பொருட் கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறேன், ஐயா. எதில் பிரதான கவனம் வேண்டும்? (உடப்பு வாசகர்)

பதில்: மனிதர் மாத்திரமன்றி, எக்கருவியை எப்போது அழைப்பதென்று நிர்ணயிக்கும் இயந்திரமும் அக்குறிப்பையே ஆதாரமாகக் கொள்வதால், ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் ஒன்றாகவே இருத்தல் அவசியம். கொழும்புப் பங்குச் சந்தையில் இன்று வாங்கிய பங்கு மத்திய வைப்பகக் கணக்கில் சேர இரண்டு வர்த்தக தினங்கள் செல்லுமாதலின், பாத்தியில் விளைந்த உப்பையும் களஞ்சியம் சேர்ந்த உப்பையும் புத்தளத்தார் வெவ்வேறாகக் கணக்கிடுவதுபோல, கொள்வனவையும் கையிருப்பையும் பிரித்து எழுதுங்கள். கருவியின் அதிகார எல்லையையும் ஸ்பஷ்டமாகச் சொல்லுங்கள். உதாரணமாக, இந்தியப் பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதா 2025இல் வெளியிட்ட, முகவரை வாடிக்கையாளர் கணக்குடன் இணைக்கும் ‘கைட் எம்சிபி’யின் பொதுச் சேவையில், கையிருப்பைப் பார்க்கலாமேயன்றி, வாங்கவோ விற்கவோ ஆணையிட இயலாது. பிறர் சேமிப்பைத் தொடும் கருவிக்கு அதுவே உத்தமமான வரம்பென்பது என் திடமான அபிப்பிராயம்.