முதல் மிதிவெடி சொல்வது

முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலைக்கு வருகிற புதுப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கண்டெடுத்தது எந்த வகை என்று தெரிந்தால், அடுத்தது எங்கே கிடக்கும் என்பதைப் பாதி அறிந்துவிடலாம். வகைகளைப் படிப்பது அதற்காகத்தான்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தது. அதன்பின் நடந்த சண்டைகளின் முடிவில் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று யாழ் குடாநாட்டைக் குறுக்கே அறுத்து நின்ற முன்னரங்கு 2009 ஜனவரி வரை பெரிதாக நகரவில்லை. இரு தரப்பும் புதைத்த மண் இது. ஒரே காணியில் பல கைகளின் வேலை கிடக்கும்.

இராணுவம் புதைத்தவற்றில் பாகிஸ்தானின் பி4 முக்கியமானது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டப் பிளாஸ்டிக். உள்ளே சுமார் 30 கிராம் வெடிமருந்து. ஒரு பாதத்தைப் பறிக்க அது போதும். பெரும்பாலும் வரிசையாக வரும். இரண்டு கிடைத்தால் மூன்றாவதன் திசை பிடிபடும். புலிகளின் ஜொனி 95 சிறிய மரப்பெட்டி. உக்கிய பலகைத் துண்டு ஒன்று தலை காட்டினாலே கையை நிறுத்த வேண்டும்.

ஆளை ஏய்ப்பது ரங்கன் 99. பி4ஐப் பார்த்துப் புலிகள் செய்தது அது. மேல்முகத்தில் கால்வாசி தெரிந்தவுடனேயே "அக்கா, இது பி4 தானே?" என்று கேட்பார்கள். "பேரைப் பிறகு சொல்லலாம் தங்கச்சி, முதல்ல சுத்திப் பாருங்கோ" என்பேன். பி4 என்று முடிவுகட்டி வரிசையைத் தேடினால், ரங்கன் அந்த வரிசைக்குள் நிற்காது. போதாததற்கு, இராணுவத்தின் பி4ஐயே தோண்டி எடுத்துப் புலிகள் திரும்பப் புதைத்ததும் உண்டு. அதனால் வகையோடு சேர்த்து இடத்தையும் படிக்க வேண்டும்: பக்கத்தில் காப்பரண் இருந்ததா, பதுங்குகுழியின் வாய் எந்தப் பக்கம், தலையில்லாத பனை எது.

டிடெக்டரை மட்டும் நம்பி இங்கே வேலை செய்ய முடியாது. ஷெல் துண்டுகள் நிறைந்த மண்ணில் அது ஓயாமல் கத்தும்; பி4இலோ உலோகம் மிகக் குறைவு. மணற்பாங்கான நிலம் என்பதால் கனத்த றேக், மெல்லிய றேக் இரண்டாலும் மண்ணைப் பக்கவாட்டில் வழித்து எடுக்கிறோம். மேலிருந்து விழும் அழுத்தம்தான் மிதிவெடியை வெடிக்க வைக்கும். பயிற்சி இல்லாதவர் கைக்கு இது வேலையே அல்ல.

பழைய பதுங்குகுழிகளில் துருவேறிய துவக்கும் கிடைக்கும். மரம் உக்கிப் போனாலும் இரும்பில் அடித்த குறி நிற்கும். இரு தரப்பிடமும் இருந்தது சீனத்து ரி-56. இடப்பக்க முன்பகுதியைத் தூரிகையால் மெல்லத் தட்டினால் முக்கோணத்துக்குள் 66 என்ற எண் பலவற்றில் தெரியும். குழல் முனையில் குறிபார்க்கும் முள்ளைச் சுற்றி மூடிய வளையம் இருப்பதும் சீனத்து அடையாளம். ரஷ்யாவின் ஏகேஎம்மில் அது மேலே திறந்திருக்கும். இதே குடும்பத்து ருமேனியத் துவக்கில் முக்கோணத்துக்குள் அம்பு இருக்கும். குஜீர் ஆயுதசாலையின் குறி அது. பக்கத்தில் ஆண்டும் அடித்திருப்பார்கள். இவற்றை நாங்கள் பதிவுக்காக மட்டும் பார்க்கிறோம். குண்டு உள்ளே இருக்கிறதா என்று தெரியாத துவக்கைத் தூக்குவதில்லை; உரியவர்களுக்கு அறிவித்து ஒப்படைத்துவிடுவோம்.

ஷெல்லில் நிறத்தை நம்ப வேண்டாம். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் வண்ணப்பூச்சுத்தான் முதலில் போகும். உடலில் பொறித்த எண் தப்பும். மோட்டார் ஷெல் 81 மில்லிமீற்றரா 82ஆ என்று பிரித்துச் சொல்வது அந்த எண்தான்; கண்ணளவில் அது பிடிபடாது.

காணிக்குத் திரும்பும் ஐயாமாரிடமும் அம்மாமாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வேலி எங்கே ஓடியது, கிணறு எங்கே, ஒழுங்கை எந்தப் பக்கம் திரும்பியது என்று எங்களோடு நின்று காட்டுங்கோ. எங்கள் வரைபடத்தில் இல்லாதது உங்கள் நினைவில் இருக்கிறது. பழைய கிணற்றை நீங்களாக இறைக்கவோ, குப்பையைக் கூட்டி எரிக்கவோ வேண்டாம். கிணற்றடியைத்தான் நாங்கள் முதலில் துப்புரவாக்கித் தருவோம்.