வைக்கோல் வாங்கக் கிளம்பும் தம்பிகளுக்கு

கெடாவில் மாடு வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மாமா, நல்ல மாடு எங்கே கிடைக்கும்?" தீனி எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்தவர்கள் குறைவு. மாட்டுக்கு ஒரே நாளில் காசு கொடுத்து முடித்துவிடலாம். தீனிக்கு மாடு சாகும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்காத கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

1. ஓசிப் புல்லை நம்பி மாடு வாங்காதீர்கள். உங்கள் தாத்தா காலத்தில் ஹார்வார்ட், விக்டோரியா, டப்ளின் என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருக்கும். காலையில் பால்மரம் வெட்டப் போவார்கள். பிற்பகலில் புல் அறுப்பார்கள். ரப்பர் நிரைகளுக்கு நடுவே மாடு மேய்ந்தால் துரை கண்டும் காணாமல் இருப்பார். களையெடுக்கும் கூலி அவருக்கு மிச்சம் அல்லவா? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கமெல்லாம் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மாடு இருக்கிறது, மேய்ச்சல் நிலம் இல்லை.

மிச்சமிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் புல் அறுக்க அனுமதி கிடைத்தாலும் முதலில் மண்டோரைப் பிடித்து, மருந்து அடித்தது எந்தப் பகுதியில், என்றைக்கு என்று கேளுங்கள். பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை. அது பட்ட புல் சீக்கிரமே கருகிவிடும், கண்ணுக்குத் தெரியும். இப்போது அடிக்கிற கிளைஃபோசேட் வகை மருந்தில் புல் பல நாள் பச்சையாகவே நிற்கும். பச்சையைப் பார்த்து அரிவாளைப் போடாதீர்கள்.

2. மாட்டை எண்ணுவதற்கு முன் வைக்கோல் கட்டை எண்ணுங்கள். மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு வரை உலர் தீனி தின்னும். உலர் தீனி என்றால் தண்ணீரைக் கழித்த எடை. 300 கிலோ மாட்டுக்கு ஏழரைக் கிலோ என்று வையுங்கள். அதில் பாதி வைக்கோல் என்றால், அதிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, நாளுக்கு நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பத்து மாட்டுக்கு 15 கிலோ கட்டு மூன்று. மழைக்காலம் முழுவதையும் தாண்டி அடுத்த பெரிய அறுவடை வரும்வரை 300 நாள் என்றால் 900 கட்டு.

900 கட்டை எங்கே வைப்பீர்கள்? பத்தடி உயரத்துக்கு அடுக்கினாலும் 16 அடிக்கு 30 அடி கொட்டகை வேண்டும், ஒழுகாத கூரையோடு. பத்து மாடு வாங்கப் பணம் இருக்கிறது என்று சொல்கிற தம்பியிடம் இந்தக் கொட்டகையைப் பற்றிக் கேட்டால் தலையைச் சொறிகிறார். கூரைக்குப் பணம் இல்லையென்றால் ஐந்து மாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் ஊர் கெடா–கிளந்தான் மாடு சின்ன உடம்பு, குறைவாகத் தின்னும். பிரீசியன் கலப்புப் பால்மாடு பெரிய உடம்பு. அதற்கு இந்தக் கணக்கு போதாது.

3. வாங்க வேண்டிய மாதத்தைத் தவறவிடாதீர்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

கெடாவில் வைக்கோலுக்குப் பஞ்சமே கிடையாது. மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியமான மாடாவின் கீழ் கெடாவிலும் பெர்லிஸிலும் ஏறத்தாழ 100,000 ஹெக்டேர் வயல் இருக்கிறது. மூடா, பெடு, ஆனிங் அணைகளின் தண்ணீரால் ஆண்டுக்கு இருபோகம். விளைகிற நெல்லுக்கு ஏறக்குறைய நிகரான எடையில் வைக்கோலும் விளைகிறது. யானிலிருந்து அலோர் ஸ்டார் தாண்டி ஜித்ரா வரை போய்ப் பாருங்கள், அறுவடை முடிந்த வயலெல்லாம் அதுதான். ஆனாலும் அக்டோபரில் கூலிம்காரர் ஒருவர் பத்துக் கட்டு வைக்கோலுக்காக ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

காரணம் மழை. பெரிய போகத்தின் அறுவடை பொதுவாக ஆண்டுத் தொடக்கத்தில், வடக்கே வெயில் காய்கிற மாதங்களில் வரும். அறுவடை இயந்திரம் கக்கிவிட்டுப் போன வைக்கோல் இரண்டு மூன்று நாள் வெயிலில் மொறமொறவென்று காய்ந்துவிடும். கட்டுக் கட்டும் இயந்திரக்காரர் வயலில் இறங்கலாம், சக்கரம் புதையாது. அடுத்த போகத்தின் அறுவடை ஆண்டின் நடுவில் தொடங்கி மழைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அந்த வைக்கோலில் பாதி வயலிலேயே அழுகும். கட்டி வந்தாலும் உள்ளே ஈரம். ஆகவே வருடத்துக்கு இரண்டு அறுவடை என்றாலும், நம்பி வாங்க ஓர் அறுவடைதான்.

அதிலும் அவகாசம் குறைவு. அடுத்த நடவுக்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டிய விவசாயி காத்திருக்க மாட்டார், தீக்குச்சியைக் கிழித்துவிடுவார். வெயில் காலத்தில் வடக்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பார்க்கிற அந்தப் புகை, உங்கள் மாட்டின் அக்டோபர் மாதத் தீனி. அறுவடை முடிந்தபின் போய் விலை கேட்பவருக்குச் சாம்பல்தான் மிஞ்சும். கதிர் முற்றும்போதே கட்டும் இயந்திரக்காரரிடம் பேசி, எத்தனை கட்டு, எந்தத் தேதி, என்ன விலை என்று முடித்து முன்பணம் கொடுத்துவிடுங்கள். வயலோரத்தில் எடுப்பதுதான் ஆண்டிலேயே மலிவான விலை. அதன்பின் மாதம் போகப் போக வைக்கோல் ஏறும், குறையாது.

4. கையால் பார்த்து வாங்குங்கள். ஒரு பிடி உருவி முறுக்குங்கள். சடசடவென ஒடிந்தால் காய்ந்தது. கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டால் ஈரம். பிறகு கட்டின் நடுவே கையை நுழையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அந்த லோரியையே திருப்பி அனுப்புங்கள். ஈரத்தோடு கட்டிய வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. தட்டினால் சாம்பல் நிறத் தூசு கிளம்புகிற கட்டை மாட்டுக்குப் போடாதீர்கள். அதை மூச்சில் இழுக்கிற உங்களுக்கும் ஆகாது. கொட்டகையில் தரையோடு அடுக்காமல், பழைய மரப் பலகைச் சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள்.

5. கட்டுக் கணக்கில் பேசாதீர்கள், கிலோவுக்குப் பேசுங்கள். கட்டு இறுகக் கட்டியதா, தளரக் கட்டியதா என்பதைப் பொறுத்து எடை எக்கச்சக்கமாக மாறும். செம்பனைப் பழம் வாங்கும் இடங்களில் எடைமேடை இருக்கும். வெறும் லோரியை ஒரு தரம், ஏற்றிய லோரியை ஒரு தரம் நிறுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

கிலோ விலை தெரிந்தபின் தண்ணீரைக் கழியுங்கள். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம்: 15 கிலோக் கட்டு 6 வெள்ளி. கிலோ 40 காசு. நன்றாகக் காய்ந்த வைக்கோலில் நூற்றுக்கு 85 பங்கு உலர்ந்தது, ஆகவே உலர் கிலோ 47 காசு. அதே கட்டு நூற்றுக்கு 30 ஈரத்தோடு வந்தால் 57 காசு. பக்கத்து வீட்டுக்காரர் பச்சை நேப்பியர் புல்லைக் கிலோ 20 காசுக்குத் தருகிறார்; பாதி விலை என்று சந்தோஷப்படுவீர்கள். நேப்பியரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். உலர் கிலோ ஒரு வெள்ளி ஆகிறது! சத்து அதில் அதிகம் என்பது உண்மை, அதற்காகக் கொடுக்கலாம். மலிவு என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம்.

6. லோரிக் கூலிதான் உங்களை உண்மையில் கடிக்கும். வைக்கோல் எடை இல்லாத சரக்கு. லோரி நிரம்பும், எடை ஏறாது. காற்றுக்கும் சேர்த்துக் கூலி கொடுப்பீர்கள். அலோர் ஸ்டார் பக்கம் சரக்கு இறக்கிவிட்டுத் தெற்கே வெறுமனே திரும்புகிற லோரிகள் நாள்தோறும் உண்டு. அவர்களைப் பிடித்தால் கூலி இறங்கும். பாடாங் செராயில் மூன்று வீடு, லூனாஸில் இரண்டு வீடு சேர்ந்து ஒரு நடை போட்டால் இன்னும் இறங்கும். நம்மவர்கள் கோயில் திருவிழாவுக்குச் சேர்கிறார்கள், வைக்கோலுக்குச் சேர மாட்டேன் என்கிறார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

7. வைக்கோல் வயிற்றை நிரப்பும், பால் தராது. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான். அதை உயர்த்த யூரியா வைக்கோல் செய்யலாம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, சுமார் 65 லிட்டர் தண்ணீர். யூரியா முழுவதும் கரைந்தபின் அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் மூடி மூன்று வாரம் வைக்க வேண்டும். எடுத்ததும் காற்றாட விட்டு, நெடி அடங்கிய பிறகு போட வேண்டும். கட்டியாகக் கிடக்கிற யூரியா மாட்டைக் கொன்றுவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இந்த வைக்கோலைக் காட்டவே கூடாது. முதல் முறை செய்யும்போது கால்நடை இலாகா அதிகாரியை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மற்றபடி புரதத்துக்கு நம் நாட்டில் கைக்கெட்டுவது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, எல்லோரும் பி.கே.சி. என்கிறார்களே அது. புரதம் பதினான்கிலிருந்து பதினேழு வரை இருக்கும். நம் ஊர்ச் சரக்கு என்பதால் விலையும் நம் ஊரில் முடிவாகும் என்று எண்ண வேண்டாம். நியூசிலாந்துப் பால் பண்ணைகள் இதைக் கப்பல் கப்பலாக வாங்குகின்றன. அங்கே மழை பொய்த்துப் புல் காய்ந்தால் கூலிமில் உங்கள் மூட்டை விலை ஏறும். மலிந்திருக்கும்போது இரண்டு மாதத்துக்கு வாங்கி வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும்.

8. ஆடு வளர்ப்பவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. பி.கே.சி.யில் செம்புச் சத்து உண்டு. மாடு தாங்கும்; செம்மறி தாங்காது, ஈரல் கெட்டுச் செத்துப்போகும். தோட்டத்துச் சாலையோரம் செழித்து நிற்கிற சிக்னல் புல்லும் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஈரலைக் கெடுக்கும், வெயில் பட்டால் முகத்துத் தோல் வெந்துபோகும். மாடு தின்கிறதே என்று ஆட்டை அவிழ்த்துவிடாதீர்கள்.

9. பஞ்சாங்கத்தையும் நாள்காட்டியையும் மாட்டுக் கொட்டகையிலேயே மாட்டி வையுங்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர்கள் பசும்பால் கேட்டு வருகிற நேரத்தில்தான் வடக்கே புல் காய்ந்து பால் இறங்கும். வைக்கோலும் புண்ணாக்கும் கையிருப்பில் இருப்பவர் அந்த விலையைப் பார்ப்பார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் எல்லோரும் மாட்டைக் கொழுக்க வைப்பார்கள், தீனிக்காரர் விலையை ஏற்றுவார். அந்த மாதத்தில் வாங்குகிற நிலைமைக்குப் போகாதீர்கள்.

10. பிறத்தியார் கொட்டகையில் கிடந்த வைக்கோலை வாங்காதீர்கள். கோமாரி லோரிச் சக்கரத்திலும் சாக்கிலும் வைக்கோலிலும் பயணம் செய்யும். நாம் இருப்பதோ தாய்லாந்து எல்லை மாநிலம். தோல் கழலை நோய் 2021-இல் இந்த நாட்டுக்குள் வந்ததும் நினைவிருக்கட்டும். வயலிலிருந்து நேரே வந்த கட்டாக இருக்க வேண்டும். லோரியைக் கொட்டகை வாசல்வரை விடாமல் வேலிக்கு வெளியே நிறுத்தி இறக்குங்கள். தடுப்பூசிக்குக் கால்நடை இலாகாவில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

11. எவ்வளவு பார்த்து அடுக்கினாலும் சில கட்டுகள் கெடத்தான் செய்யும். கெட்டதை நல்லதோடு கலந்து தள்ளிவிடப் பார்க்காதீர்கள். சினைமாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடலாம். கம்பத்தில் காய்கறி போடுகிறவர்கள் பாத்திக்கு மூடாக்குப் போட அதை எடுத்துக்கொள்வார்கள். காசு தராவிட்டாலும் திரும்பும்போது கீரைத்தண்டும் மக்காச்சோளத் தட்டையும் தருவார்கள். மக்காச்சோளத் தட்டையை மட்டும் அன்றைக்கே நறுக்கிப் போட்டுவிடுங்கள், மறுநாள் வரை குவித்து வைத்தால் புளித்துப்போகும்.