காற்று போகும் வழி

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. விருத்தாசலம் செராமிக் காலேஜில் கடைசி வருஷப் புராஜெக்டுக்கு நுரைப் பீங்கான் ஃபில்ட்டரை எடுத்திருக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். கேட்டதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே இருந்தது. கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் உருகிய அலுமினியத்தை இந்த ஃபில்ட்டர் வழியாக ஊற்றி, ஆக்சைடு ஏடும் கசடும் அதில் சிக்குவதைப் பார்த்தே என் வேலைக்காலம் போனது. எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறிப் போய் வருகிறாய். அந்த அலைச்சலுக்குப் பலன் தரக்கூடிய வேலைதான் இது.

செய்முறை உன் பாடத்திலேயே இருக்கும். ஸ்வார்ட்ஸ்வால்டர், சோமர்ஸ் என்ற இருவர் 1963இல் காப்புரிமை பெற்ற வழிதான் இன்றும் நடக்கிறது. கண்கள் திறந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்சை அலுமினா ஸ்லிப்பில் முக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிந்து, காயவைத்து, சூட்டில் ஸ்பாஞ்சை எரித்துப் போக்கி, பிறகு 1500 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். ஸ்பாஞ்ச் போய்விடும், அதன் உருவம் பீங்கானாக நிற்கும். ஸ்லிப் கலக்குவது எப்படி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்து பழகிய ஊர் விருத்தாசலம். தொழிற்பேட்டையில் வயதான கைவினைஞர் யாரிடமாவது போய் நில். கலக்கும்போது இளகி, விட்டவுடன் இறுகி நிற்கும் ஸ்லிப்தான் இந்த வேலைக்கு வேண்டும். அந்தப் பதம் அவர் விரலுக்குத் தெரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 200 டிகிரியிலிருந்து 600 வரை நிமிஷத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதே. வேகமாக ஏற்றினால் ஸ்பாஞ்சிலிருந்து கிளம்பும் வாயு, இன்னும் சுடாத மெல்லிய பீங்கானை உடைத்துக்கொண்டு வெளியேறும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். புகைபோக்கி ஒழுங்காக இழுக்கிறது என்று பார்க்காமல் ஃபர்னஸை மூட்டக் கூடாது, யார் அவசரப்படுத்தினாலும் சரி.

இனி சோதனை. நீ சறுக்கிவிடக் கூடாதென்று நான் கவலைப்படுவது இங்கேதான். எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம் துளை?" 85 என்று சொன்னால் தலையாட்டுவார்கள். நூறு அறை கட்டிவிட்டுக் கதவு வைக்காத வீட்டிலும் வெற்றிடம் நிறையத்தான் இருக்கும், ஆனால் உள்ளே யாரும் நடக்க முடியாது. உன் ஃபில்ட்டரின் தகுதி, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள வாசல் திறந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. ஸ்லிப் கெட்டியாக இருந்தாலோ பிழிந்தது போதாமல் போனாலோ அந்த வாசலில் ஜவ்வு கட்டிவிடும். சதவீதக் கணக்கில் அது தெரியவே தெரியாது.

அந்தச் சதவீதத்தை எடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் முறை சொல்லித் தந்திருப்பார்கள்: உலர்ந்த எடை, நீருக்குள் தொங்கும் எடை, நீர் ஊறிய எடை. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் அது நன்றாக வரும். பெரிய கண் உள்ள நுரைக்கு வராது. வெளியே தூக்கியதும் நீர் ஒழுகிப் போவதால் ஊறிய எடை பொய் சொல்லும். அளவுகோலும் தராசும் போதும். 5 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 2.5 கனம் என்றால் 62.5 கன சென்டிமீட்டர். எடை 37 கிராம் என்றால் அடர்த்தி 0.59. திண்ம அலுமினாவின் அடர்த்தி 3.98. வகுத்துப் பார்த்தால் திண்மம் 15 சதவீதம், மீதி வெற்றிடம்.

அடுத்தது காற்று. ஒரு ப்ளோயர், துண்டைக் கசிவில்லாமல் பிடிக்கும் குழாய், தண்ணீர் நிரப்பிய யூ வடிவக் கண்ணாடிக் குழாய், காற்றின் வேகத்தை அளக்க ஒரு மீட்டர். இவ்வளவுதான். யூ குழாயின் இரு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 9.8 பாஸ்கல். ஒரே வேகத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதே. மணல் வழியாக நீர் போவதை அளந்து டார்சி 1856இல் சொன்ன நேர்க்கோட்டு விதி, மெதுவான ஓட்டத்துக்குத்தான் பொருந்தும். வேகம் கூடினால் கோடு வளையும், அதை 1901இல் ஃபோர்ஷ்ஹைமர் சரிசெய்தார். அழுத்த இழப்பை வேகத்தால் வகுத்து, அதை வேகத்துக்கு எதிரே கிராஃபில் போடு. நேர்க்கோடு வரும். அது அச்சை வெட்டும் இடம் பிசுக்கின் தடையைச் சொல்லும், சாய்வு காற்று வளைந்து நெளிந்து போவதன் தடையைச் சொல்லும். ஜவ்வு கட்டிய துண்டும் நல்ல துண்டும் எடையில் ஒன்றாக இருந்தாலும் இந்தக் கிராஃபில் தனித்தனியே நிற்கும். அந்தப் படத்தை முதன்முதலில் நீயே வரைந்து பார்க்கும் நாளில் எனக்குப் போன் செய்.

பலத்தைப் பார்க்கிறபோது உடைந்த துண்டைத் தூக்கி எறியாதே. லென்ஸ் வைத்துப் பார். கண்களைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு காம்புக்குள்ளும் ஸ்பாஞ்ச் இருந்த இடம் முக்கோணப் பொந்தாக இருக்கும். விரிசல் அதன் கூர்முனையில்தான் பெரும்பாலும் தொடங்கும். ஒரு முறை சுட்ட பிறகு மெல்லிய ஸ்லிப்பில் மறுபடி முக்கிச் சுட்டால் காம்பு தேறும். ஆனால் வாசல் சுருங்கும். அதனால் பலத்தை அளந்த அன்றே காற்றையும் அளந்துவிடு. அழுத்தும் இயந்திரத்தின் தட்டு நேரடியாகப் பட்டால் மேல் காம்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கி அளவு குழம்பும். நடுவே அட்டை வை.

நுண்ணிய துளை வேண்டுமென்றால் இன்னொரு வழி நம் பக்கத்திலேயே கிடக்கிறது. கல்வராயன் அடிவாரத்தில் விளையும் மரவள்ளியின் மாவை ஸ்லிப்பில் கலந்து 60, 70 டிகிரிக்குச் சூடாக்கினால் மாவு நீரை உறிஞ்சி வீங்கும், கலவை அச்சிலேயே இறுகும். சுடும்போது மாவு எரிந்து துளையாகும். மாவு குறைந்தால் துளைகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்து நிற்கும், கூடினால் தொட்டுக்கொள்ளும். இந்தத் துண்டுகளுக்கு ஆர்க்கிமிடீஸ் முறை சரியாக வரும். 10 மைக்ரான் துளையில் ஊறிய நீரைக் காற்றால் தள்ள ஏறக்குறைய 3 மீட்டர் நீர் அழுத்தம் வேண்டும். முதல் குமிழி எந்த அழுத்தத்தில் வருகிறது என்று பார்த்தால் மிகப் பெரிய வழியின் அளவு தெரிந்துவிடும்.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலை ஒன்றில் எனக்குப் பழக்கம் உண்டு. வறுக்காத, வெளுக்காத மாவாக ஐந்து கிலோ கேட்டு வைக்கிறேன். அடுத்த ஞாயிறு அப்பாவை அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா