கோயிலைப் பற்றிப் பேசாத உடன்படிக்கை

சிராங்கூன்

தம்பி,

சமாதான உடன்படிக்கை என்றதும் 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்பாலியா உனக்கு நினைவு வரும். ஜெர்மன் நாடுகளில் எந்தச் சபையார் எங்கே வழிபடலாம் என்பதுகூட அதில் எழுதப்பட்டது. 1824 மார்ச் 17 அன்று லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கையெழுத்திட்டதில் பேச்செல்லாம் வணிகமும் எல்லையும்தான். ஆனாலும் இந்தச் சிங்கப்பூரின் வழிபாட்டை அது மாற்றியது என்கிறேன்.

மலாக்கா ஆங்கிலேயருக்கு, சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரருக்கு என்று கைமாறின. சிங்கப்பூர்மீது சொல்லிவந்த ஆட்சேபத்தை டச்சுக்காரர் விட்டார்கள். பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் தூத்துக்குடியும் இதே தாளில்தான் ஆங்கிலேயருக்குப் போயின! ஜொகூர்-ரியாவ் மலாய் அரசு சிங்கப்பூர் நீரிணையின் இருபுறமாகப் பிளந்தது. அந்த அரசின் ஆட்களை யாரும் லண்டனுக்கு அழைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று ஜொகூர் சுல்தான் ஹுசைன் 33,200 டாலரும் மாதம் 1,300 டாலரும் என்ற கணக்கில் சிங்கப்பூர்த் தீவின் மீதிருந்த உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அரசுரிமை போன சுல்தானுக்குக் கம்போங் கிளாமில் எஞ்சிய பெருமை, அந்த ஆண்டுகளில் எழும்பிய பள்ளிவாசல்.

நீ மறுக்கலாம்: தமிழ் வணிகர் நாராயண பிள்ளை 1819இலேயே, இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுடன் வந்துவிட்டாரே, சவுத் பிரிட்ஜ் சாலையில் கோயில் நிலம் 1823இலேயே கிடைத்ததே? உண்மைதான். பக்தியை எந்த ஒப்பந்தமும் கொண்டுவரவில்லை. ஆனால் நாளைக்கே கைவிடப்படலாம் என்றிருந்த ஊரில் நிலம் வாங்குவது வேறு, அம்மனைக் குடியேற்றுவது வேறு. மரமும் அத்தாப்புக் கூரையுமாக மாரியம்மன் கோயில் எழுந்தது 1827இல், ஊர் நிலைத்த பிறகு.

இதைவிட வலுவான சான்று கைதிகள். பென்கூலன் கைமாறியதால் அங்கிருந்த இந்தியக் கைதிகளை 1825 ஏப்ரலில் இங்கே கப்பலேற்றினார்கள். அதன்பின் 1873 வரை இந்த ஊரின் சாலை, பாலம், கட்டடம் பலவற்றிலும் கைதிகளின் உழைப்பு உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவரைப் பார். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் பளபளக்கத் தேய்த்தார்கள். சென்னைப் பட்டணத்துப் பூச்சு அது. கிறிஸ்தவரின் ஆலயத்துக்கு அந்தப் பக்குவத்தில் பூசியவர்கள் கைதிகள்.

இது ஒப்பந்தக்காரர்கள் நினைத்ததா என்றால், இல்லை. நோக்கத்தை வைத்து மட்டும் எடை போட்டால் அந்தத் தாள் வெறும் வணிகக் கணக்கு. விளைவை வைத்துப் பார்த்தால், விலங்கோடு வந்த மனிதர்கள் அதில் தெரிவார்கள். எனக்கு அவர்கள்தான் முக்கியம். அந்தச் சுண்ணாம்பின் நினைவு என் பகுதியிலும் உண்டு: சிராங்கூன் சாலையோரம் செங்கல்லும் சுண்ணாம்பும் சுட்ட சூளைகள் இருந்தன. அதனால் வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சொன்ன பெயர் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்'.