பேச வைக்கும் ஆப் எது?

எங்கள் நல்லம்பள்ளியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். என் தங்கை மகனும் அங்கே ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தான். அதற்கு முன் இரண்டு மாதம் என் கம்ப்யூட்டரில் கன்னடம் படித்தான். பாயிண்ட் குவிந்தது. கடையில் வாய் திறக்க வரவில்லை. ஒரு மாதத்துக்குள் பேசக் கற்றால்தான் வேலை நிலைக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அவன் படித்த ஆப், நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைக் கிளிக் செய்யச் சொல்லும். கடையில் அப்படி யார் காட்டுவார்கள்?

எனவே பணம் கட்டும் முன் இலவசப் பாடம் ஒன்றைத் திறந்து பாருங்கள். கேள்வி கேட்டுவிட்டு, நீங்கள் வாய்விட்டுச் சொல்லும் வரை விடையை மறைத்து வைக்கிறதா? பழைய சொல்லைச் சிறிது சிறிதாக இடைவெளியை நீட்டி மறுபடி கேட்கிறதா? பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்கர் 1967-லேயே எழுதிய முறை இது.

பேச்சு வழக்கையும் கவனியுங்கள். 'வரும்' என்பதற்குக் கன்னட எழுத்து நடை 'பருத்ததே', பேச்சில் 'பருத்தே'. புத்தக நடையை மட்டும் சொல்லித் தரும் ஆப் கடைக்கு உதவாது.

மத்திய கல்வி அமைச்சகம் 2021-ல் பாஷா சங்கம் என்ற ஆப்பை வெளியிட்டது. 22 மொழிகளில் நூறு அன்றாட வாக்கியங்கள். தொடங்க நல்லது, உரையாட நூறு போதாது.

இப்போது தினமும் இரவு நான் போனில் தமிழில் கேட்கிறேன், அவன் கன்னடத்தில் சொல்லிப் பதிவு செய்கிறான். அறை நண்பர் அதைக் கேட்டுத் திருத்துகிறார். நேற்று சர்க்கரை கேட்ட அம்மாவிடம் 'எஷ்டு பேக்கு?' என்று அவனே கேட்டானாம்.