அரைச்சா ஸ்ட்ரோக் கூடுமா?

முதல்ல ஒரு திருத்தம். கிராங்க்ஷாஃப்டை கிரைண்டிங் பண்ணினா ஸ்ட்ரோக் கூடும்னு போன எபிசோட்ல போற போக்கில் சொல்லிட்டேன். அதைக் கேட்டுட்டு என் சித்தப்பா பையன், கராஜில் பிரிச்சுப் போட்டிருக்கிற ஷெவர்லே 350 இன்ஜினோட கிராங்க்ஷாஃப்டைத் தூக்கிக்கிட்டு மெஷின் ஷாப்புக்குக் கிளம்பிட்டான். "பத்து தௌ அரைக்கப் போறேன்ணா, எவ்வளவு ஸ்ட்ரோக் ஏறும்?"னு வழியில போன் பண்ணினான். தௌன்னா அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறுறது பூஜ்யம்.

பிஸ்டன் மேலிருந்து கீழே போற தூரம்தான் ஸ்ட்ரோக். கிராங்க்ஷாஃப்டோட நடு அச்சிலிருந்து, கனெக்டிங் ராட் மாட்டியிருக்கிற ஜர்னலோட மையம் வரை அளந்து, இரண்டால் பெருக்குங்க. 350-ல் அது 3.48 அங்குலம். இந்தக் கணக்கில் ஜர்னலோட விட்டம் வரவே இல்லை, கவனிச்சீங்களா? நான் தப்பான வேரியபிளைப் பார்த்துட்டேன். தேய்ஞ்ச ஜர்னலைச் சுத்திலும் சமமா அரைச்சு விட்டத்தில் 10 தௌ குறைச்சா, மையம் இருந்த இடத்திலேயே இருக்கும். குறைஞ்ச அளவை ஈடுகட்ட, சுவர் கொஞ்சம் தடிமனான அண்டர்சைஸ் பேரிங் போடணும், அவ்வளவுதான்.

அச்சிலேயே உட்கார்ந்திருக்கிற மெயின் ஜர்னலும் அப்படித்தான். ஷெவர்லே 400-ன் கிராங்க்ஷாஃப்டுக்கு மெயின் 2.65 அங்குலம். அதை 2.45-ஆ அரைச்சு 350 பிளாக்கில் மாட்டுவாங்க. 3.75 ஸ்ட்ரோக் அந்தக் கிராங்க்ஷாஃப்ட் பிறக்கும்போதே கொண்டு வந்தது. அரைச்சது பிளாக்குக்குள்ள நுழையறதுக்கு மட்டும். சிலிண்டர் விட்டத்தை 4.030 ஆக்கினா, பேர்போன 383 ரெடி.

அப்போ நான் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. ஆஃப்செட் கிரைண்டிங்னு ஒண்ணு இருக்கு. ராட் ஜர்னலோட வெளிப்பக்கத்தைத் தொடாம, அச்சைப் பார்த்த பக்கத்தை மட்டும் அதிகமா அரைப்பாங்க. 350-ன் 2.100 ஜர்னல் 2.000 ஆகும்போது மையம் 0.050 வெளியே நகரும், ஸ்ட்ரோக் 3.58 ஆகும். எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து சுமார் 10 கன அங்குலம் லாபம். 1967 வரைக்கும் வந்த சின்ன ஜர்னல் ராடும் பேரிங்கும் இதுக்குப் பொருந்தும்.

ஆனா பிஸ்டனும் 50 தௌ மேலே ஏறி வரும். பின் துளை உயர்ந்த பிஸ்டனோ, நீளம் குறைஞ்ச ராடோ போடலைன்னா சிலிண்டர் ஹெட்டில் மோதிடும். மெயினும் ராட் ஜர்னலும் பக்கவாட்டில் ஒண்ணை ஒண்ணு மறைக்கிற அளவும் 0.535-லிருந்து 0.435-க்கு இறங்கும். அங்கேதான் கிராங்க்ஷாஃப்டோட பலமே இருக்கு.

இவ்வளவையும் கேட்டுட்டு வீட்டுக்குத் திரும்பி, மைக்ரோமீட்டர் வெச்சு அளந்தான். மோசமா தேய்ஞ்ச ஜர்னல் 2.096. சாதா கிரைண்டிங்கில் 2.090-க்கு இறக்கி, பத்து தௌ பேரிங் போடறான். ஸ்ட்ரோக் அதே 3.48.